எட்டுப் பேருக்கு உருவம் வைத்தது

என் நாவலில் முக்கியமான ஆட்கள் எட்டுப் பேர். அவர்கள் வருகிற பகுதிகளைத் தனியே நகலெடுத்து, பெயர்களை மையால் அழித்து, கதை தெரியாத மூன்று பேரிடம் கொடுத்தேன். கூடவே எட்டுப் பெயர்களும், ஒவ்வொருவர் பற்றியும் ஒரு வரி அறிமுகமும் எழுதிய துண்டுத்தாள். எந்தப் பகுதியில் வருவது யார் என்று ஓரத்தில் குறித்துத் தர வேண்டும். இந்த முறை ஆறு பேரை மூவருமே சரியாகப் பிடித்துவிட்டார்கள். பழைய வரைவை வேறு மூவரிடம் கொடுத்துப் பார்த்தபோது தேறியவர்கள் இருவர்தான்: சிறுமி வள்ளியும் தோட்டத்து மேலாளரான துரையும். ஒருத்தி குழந்தை, மற்றவர் வெள்ளைக்காரர். அந்த அளவுக்கு யார் எழுதினாலும் தெரிந்துவிடும்.

கதை இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 1948 இல் தொடங்கி 1972 இல் முடிகிறது. ஆட்கள் இவர்கள்: கொழுந்து பறிக்கும் மாரியாயி, தேயிலைச் செடிகளை நறுக்கிவிடும் கவ்வாத்து வேலை செய்யும் அவள் மகன் செல்லமுத்து, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த காளியம்மா, பேத்தி வள்ளி, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பழனியாண்டி, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை, வாத்தியார், துரை. இவர்களுடைய தோற்றத்தை எப்படிக் கழற்றி மறுபடி பூட்டினேன் என்பதை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை பிரித்தெடுப்பது. சீ.ஆர். கொப்பி எனும் தடித்த குறிப்பேடு இரண்டும் ஒரு பெட்டி வண்ணப் பென்சிலும் வாங்கினேன். வரைவில் உடம்பைப் பற்றி எங்கே ஒரு சொல் வந்தாலும் அந்த வாக்கியத்தைக் கொப்பியில் எழுதி, பக்க எண்ணும் போட்டேன். கண்ணைப் பற்றியது சிவப்பு, நிறத்தைப் பற்றியது நீலம், உடல்வாகு பச்சை, கை கால் மஞ்சள். எழுதி முடித்து விரித்துப் பார்த்தால் பக்கம் முழுவதும் சிவப்பும் நீலமும்தான். மஞ்சள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. "குழி விழுந்த கண்கள்" ஐந்து பேருக்கு இருந்தன. துரையையும் வள்ளியையும் தவிர எல்லோரும் மெலிந்தவர்கள், எல்லோரும் கறுத்தவர்கள். அவர்களில் முகச் சுருக்கத்தில் வறுமை தெரியாத ஆள் ஒருவர்கூட இல்லை.

நானுஓயாவுக்குப் போகும் ரயிலின் ஜன்னலில் இருந்து பார்த்தால் மலையில் நிற்பவர்கள் அப்படித்தான் தெரிவார்கள். தலையில் துணி, முதுகில் கூடை, ஒருவரைப் போலவே இன்னொருவர். ஆனால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்களுக்கு அப்படியா தெரிகிறது? பனி இறங்கிய மாலையில் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் கிழவி, கீழ்ப் பாதையில் ஒரு நிழல் அசைந்ததும் யார் வருவது என்று சொல்லிவிடுவாள். முகம் கண்ணில் படும் முன்பே நடை சொல்லிவிடும், இருமல் சொல்லிவிடும், தலையில் போர்த்தும் கொங்காணியை மடித்துப் போட்ட விதம் சொல்லிவிடும். நம்முடைய சனத்தை ஒரே மங்கலான கூட்டமாக வெளியார் எழுதிய பக்கங்கள் ஏராளம். அதில் இன்னொரு பக்கத்தைச் சேர்க்கவா நான் நாவல் எழுதுகிறேன் என்ற கேள்விதான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

அடுத்ததாக ஒரு படிவம் தயாரித்தேன். உயரம், எடை, நெற்றி, புருவம், மூக்கு, உதடு, பல் வரிசை என்று நீளமான படிவம். ஒவ்வொருவருக்கும் அதை நிரப்பி, நிரப்பியதைப் பத்திகளாக்கி, ஆள் முதன்முதலில் வருகிற இடத்தில் ஒட்டினேன். இது பலன் தரவில்லை. மழையில் கொழுந்து நிறுக்கும் காட்சி விறுவிறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும். மாரியாயி உள்ளே வந்ததும் எல்லோரும் அரைப் பக்கம் கல்லாகச் சமைந்து நிற்பார்கள். அவளுடைய மூக்கு முடிந்த பிறகுதான் தராசு மறுபடி ஆடும். தலைமுடியில் தொடங்கிப் பாதம் வரை பாடுவது தமிழில் பழைய மரபு. கேசாதிபாதம் என்பார்கள். பொருநராற்றுப்படை பாடினியை அப்படித்தான் காட்டுகிறது. அங்கே அது அழகாகப் பொருந்துகிறது. பாடுகிறவன் அவளை நின்று பார்த்துப் புகழ்கிறான், வேறு எதுவும் அந்த நேரத்தில் நடக்க வேண்டியதில்லை. நிறுவை நேரத்தில் யாருக்கும் யாரையும் தலையிலிருந்து கால் வரை பார்க்க அவகாசம் கிடையாது. அந்தப் பத்திகள் எல்லாவற்றையும் வெட்டினேன். படிவத்தை மட்டும் எறியாமல் வைத்துக்கொண்டேன். அதன் பயன் பின்னால் தெரிந்தது.

வேலை திரும்பியது ஒரு கூடையால்தான். இப்போது பல தோட்டங்களில் பையில்தான் கொழுந்து போடுகிறார்கள். என் கதை நடக்கும் காலத்தில் மூங்கில் கூடை. அதன் கயிறு உச்சந்தலையில் மாட்டியிருக்கும். எங்கள் உறவுக்காரப் பாட்டி ஒருவரின் பரணில் அப்படி ஒன்று கிடந்தது. கயிறு இற்றுப்போயிருந்ததால் புதுக்கயிறு வாங்கிக் கட்டினேன்: 150 ரூபாய். சுருள் தராசில் மாட்டிப் பார்த்தேன்; வெறுங்கூடை ஒன்றரைக் கிலோ. அந்தக் காலத்து நிறுவை றாத்தலில் என்பதால் கூடைக்குள் 18 றாத்தல் கணக்குக்கு, அதாவது ஏறத்தாழ 8 கிலோவுக்கு, ஈரச் சாக்குகளை அடுக்கினேன். தலையில் நாலாக மடித்த துணி, அதன்மேல் கயிறு. பாட்டியே மாட்டிவிட்டு, கயிறு நெற்றிக்கு இறங்காமல் உச்சியில் நிற்கும்படி இழுத்துச் சரிசெய்தார்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் ஏறி இறங்கினேன். பாரம் பொறுக்கக்கூடியதுதான். ஆனால் உடம்பு என் கையை விட்டுப் போய்விட்டது. கழுத்து முன்னால் நீண்டு, தாடை தானாக உயர்ந்து, பார்வை சரியாக இரண்டு கஜ தூரத்தில் போய் விழுந்தது. பக்கவாட்டில் பார்க்கத் தலையைத் திருப்பினால் கயிறு வழுக்குகிறது. கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பாட்டி பின்னாலிருந்து, "தம்பி, இங்கே பார்" என்று கூப்பிட்டார். கால்களை மாற்றி வைத்து, கூடையோடு முழு உடம்பையும் திருப்பித்தான் அவரைப் பார்க்க முடிந்தது. பாட்டி சிரித்துக்கொண்டே, "இனி நீ அப்படித்தான் திரும்புவாய்" என்றார். அதன்பிறகு அவரைக் கவனித்தேன். வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. கூடை இல்லாத முதுகு. ஆனாலும் லயத்து அறையான காம்பராவுக்குள் யாராவது பேர் சொல்லி அழைத்தால் கழுத்தைத் திருப்பாமல் முழு ஆளாகத் திரும்புகிறார்.

மாரியாயி எனக்குக் கிடைத்தது அங்கேதான். பழைய வரைவில் அவள் இப்படி வந்தாள்:

"மாரியாயிக்கு ஐம்பது வயதிருக்கும். மெலிந்து கறுத்த உடல். குழி விழுந்த கண்கள். முகத்தில் வறுமை வரைந்த கோடுகள்."

இப்போது இப்படி வருகிறாள்:

"பின்னாலிருந்து கணக்கப்பிள்ளை கூப்பிட்டார். மாரியாயி தலையைத் திருப்பவில்லை. காலை மாற்றி ஊன்றி, கூடையும் தானுமாகத் திரும்பி நின்றாள். கொங்காணி மடிப்பிலிருந்து மழைத்தண்ணீர் அவள் மூக்கு நுனிக்கு இறங்கி நின்றது. துடைக்கவில்லை, இரண்டு கையிலும் கொழுந்து இருந்தது."

அவள் மெலிந்தவளா, கறுத்தவளா என்று இதில் ஒரு சொல்கூடக் கிடையாது. சோதனைத்தாளில் மூவரும் முதலில் அடையாளம் கண்டது இவளைத்தான். அதே திருப்பம் பிறகு இரண்டு இடங்களில் வருகிறது. ஓரிடத்தில் கூடை இல்லாமல், தன் காம்பராவுக்குள், பேத்தி அழைக்கும்போது. இன்னோரிடம் கடைசி அத்தியாயம்.

கூடை கொடுத்த துணிச்சலில் மற்றவர்களுக்கும் அதே வழியில் போனேன்: இந்த வேலை இந்த உடம்பில் எதை விட்டுவிட்டுப் போகிறது? செல்லமுத்துவுக்காகக் கவ்வாத்து மலையில் நின்று பார்த்தேன். கிளையை இடது கையால் வளைத்துப் பிடித்து வலது கைக் கத்தியால் சரிவாகச் சீவுகிறார்கள். நறுக்கிய குச்சிகள் கீறுவது இடது முன்னங்கையைத்தான். ஆகவே செல்லமுத்துவின் வலது கை வழுவழுப்பு, இடது கை முழுவதும் வெள்ளைக் கோடுகள். கலியாணப் புகைப்படத்தில் அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறான். அதற்கு விளக்கம் எதுவும் நான் எழுதவில்லை. நாலு அத்தியாயம் முன்பே கை தெரிந்துவிட்டது.

பழனியாண்டி சலிக்கிற பகுதியில் வேலை செய்பவர். அங்கே தேயிலையின் நுண்ணிய பழுப்புப் பஞ்சு காற்றில் மிதக்கும். புருவத்திலும் காதுமடல் ஓரத்திலும் படியும். தண்ணீர்ப் பீலியில் குளித்துவிட்டு வந்தாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவர் மனைவி முந்தானை நுனியால் அதைத் துடைத்துவிடுகிறாள். அவள் துடைக்காமல் விட்ட நாளில் இருவருக்கும் சண்டை என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. தோற்றமும் கதையும் ஒரே கயிறாக முறுக்கிக்கொண்ட இடம் இது. நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் ஒன்று.

காளியம்மாவுக்குக் காற்று உதவியது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைத்து எடுக்கும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாவில் இறங்கும்போது ஈரமிழந்த கச்சான் காற்றாகிவிடும். பண்டாரவளை, அப்புத்தளைச் சரிவுகளில் உதடு வெடிக்கும், கன்னம் சொரசொரக்கும். காளியம்மா அந்தக் காற்றில் வளர்ந்தவள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, கண்ணை இடுக்கிப் பார்ப்பது அவள் பழக்கம். புகுந்த வீட்டில் விடாமல் மழை பெய்யும்போதும் அப்படியே செய்கிறாள். முதல் மழைக்காலம் முடியும்போது கன்னத்துத் தோல் மிருதுவாகிவிடுகிறது. அதைக் கவனிப்பது மாமியார். கணவன் கவனிக்கவில்லை.

இங்கேதான் அடுத்த கட்டம் பிறந்தது: பார்ப்பது யார்? கணக்கப்பிள்ளை, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று ஆளைப் பார்ப்பதில்லை. கையைப் பார்க்கிறார், அன்றைய கூலிக்குப் பேர் போடத் தகுமா என்று. மாமியார் மருமகளின் தலைமுடியையும் கன்னத்தையும் பார்க்கிறாள். வள்ளி தரையில் பாயில் படுத்திருப்பவள், அவளுக்கு உலகம் கால்களில் தொடங்குகிறது: அம்மாவின் வெடித்த குதிகால், அட்டை கடித்த வடுக்கள், கணக்கப்பிள்ளையின் சப்பாத்து, அரைக்கால்சட்டைக்குக் கீழே துரை போட்டிருக்கும் நீளக் காலுறை. எட்டுப் பேருடைய தோற்றத்தையும் பொதுவான கதைசொல்லியிடமிருந்து பறித்து, இப்படி ஆளுக்கு ஆள் பங்கிட்டேன். மிக மெதுவாக நகர்ந்த கட்டம் இதுதான். அதிகம் கொடுத்ததும் இதுதான்.

நிறத்தைப் பற்றி ஒரு முடிவெடுத்தேன். கதைசொல்லி எந்த இடத்திலும் யாருடைய நிறத்தையும் சொல்லக்கூடாது. கதைக்குள் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் மட்டும் வரலாம். பெண் பார்க்க வந்த கிழவர் ஒருவர் சொல்கிறார்; கேட்டவள் மனதில் அது தங்குகிறது. வேறெங்கும் கிடையாது. கொப்பியில் இருந்த நீலக் கோடுகள் அனைத்தும் இந்த ஒரே முடிவில் போய்விட்டன.

உடைக்கும் முக அமைப்புக்கும் பழைய புகைப்படங்களைத் தேடினேன். ஸ்டூடியோப் படங்களை அப்படியே நம்பக்கூடாது. நான் பார்த்தவற்றில் மூன்று வெவ்வேறு குடும்பத்து ஆண்கள் ஒரே கோட்டு போட்டிருந்தார்கள். மேலிருந்து இரண்டாவது பொத்தான் மூன்றிலும் இல்லை. ஸ்டூடியோவின் இரவல் கோட்டு அது. ஒருவருக்குத் தோள் தொங்குகிறது, இன்னொருவருக்கு மணிக்கட்டு வெளியே நீள்கிறது. அந்தப் படங்களிலிருந்து உடையை எடுக்காமல், பொருந்தாத கோட்டுக்குள் ஒவ்வொருவரும் எப்படி நின்றார்கள் என்பதை எடுத்துக்கொண்டேன். பழனியாண்டிக்கு அந்த மணிக்கட்டைக் கொடுத்தேன்.

ஸ்டூடியோப் படத்தைவிட அதிகம் உதவியது கடவுச்சீட்டு. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கையில் நாடற்றிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும் எழுதினார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னால் பேசிக்கொள்ள ஒத்திவைத்தார்கள். போகிறவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு. தகரப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றைப் பார்க்கக் கிடைத்தது. உயரம், கண்ணின் நிறம், முடியின் நிறம், கண்ணுக்குத் தெரியும் அடையாளக் குறி. நான் தயாரித்து ஒதுக்கிய படிவம் இதுதானே! ஓர் அரசாங்கம் ஒரு மனிதரின் உருவத்தை எழுதும்போது அதற்கு நாலு வரி போதுமாக இருந்திருக்கிறது.

கடைசி அத்தியாயம் அங்கிருந்து எழுந்தது. மாரியாயி கடவுச்சீட்டுக்காகக் கண்டிக்குப் போய் வரிசையில் நிற்கிறாள். எழுதுகிறவர் உடம்பில் அடையாளம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். அவள் கொங்காணியை இறக்கி, குனிந்து, உச்சந்தலையைக் காட்டுகிறாள். கயிறு பல வருடம் தேய்த்ததில் முடி உதிர்ந்து, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வழி விழுந்திருக்கிறது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மச்சம் ஏதும் உண்டா என்கிறார். தாடையில் இருக்கும் மச்சத்தை எழுதிக்கொள்கிறார். பின்னாலிருந்து அடுத்தவரின் பெயரைக் கூப்பிடுகிறார்கள்; தன்னைத்தான் கூப்பிட்டதாக நினைத்து மாரியாயி கூடையில்லாத முதுகோடு முழு உடம்பாகத் திரும்புகிறாள். இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாரில் கப்பல் ஏறும் காட்சியை நீளமாக எழுதி வைத்திருந்தேன். இதை எழுதிய பிறகு அது வேண்டியிருக்கவில்லை.

வயதுக் கணக்கு தனி வேலை. ஒரு சார்ட் தாளில் இடமிருந்து வலமாக வருடங்கள், மேலிருந்து கீழாக ஆட்கள். மாரியாயி பிறந்தது 1915. 1948 இல் 33, கண்டி வரிசையில் நிற்கும் 1972 இல் 57. எந்த வருடம் பல் விழுந்தது, எந்த வருடம் வடு வந்தது, முடி எப்போது நரைக்கத் தொடங்கியது என்பதைக் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதினேன். செல்லமுத்துவின் வடு இரண்டு அத்தியாயங்களில் வலது கைக்கு மாறியிருந்ததை இந்தத் தாள்தான் காட்டிக்கொடுத்தது. வாத்தியாரின் மூக்குக்கண்ணாடியும் வாங்குவதற்கு முந்திய வருடத்திலேயே அவர் முகத்தில் ஏறியிருந்தது. முதல் வரைவுக்கு முன்பே இந்தத் தாளைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அடுத்த நாவலில் முதல் வேலை இதுதான். இரண்டாவது, முகத்தில் தொடங்காமல் நடையில் தொடங்குவது.

செலவுக் கணக்கு: கொப்பிகள், பென்சில், சார்ட் தாள் எல்லாம் 1,700 ரூபாய். கயிறு 150. சுருள் தராசு இரவல். நகல் பக்கத்துக்கு 10 ரூபாய் வீதம் இரண்டு சோதனைக்குமாக 1,800. பஸ் கட்டணத்தையும் பாட்டிக்கு வாங்கிப்போன பாண், வாழைப்பழத்தையும் கணக்கில் சேர்க்கவில்லை.

தேறாத இருவர் கணக்கப்பிள்ளையும் வாத்தியாரும். மூவரில் இருவர் இவர்களை மாற்றி எழுதியிருந்தார்கள். காரணம் தெளிவு: இருவருக்கும் வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனா, கையில் குடை. வேலை உடம்பில் என்ன செய்கிறது என்ற கேள்வியைப் பேனா பிடிக்கிறவர்களிடம் நான் கேட்கவில்லை. இப்போது கேட்டுப் பார்க்கிறேன். கணக்கப்பிள்ளை வேலைப் பதிவேடான செக்ரோலில் குனிந்தே வாழ்பவர். ஆளிடம் பேசும்போதும் முகத்தைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்குகிறார், நெற்றியில் மூன்று மடிப்பு விழுகிறது. வாத்தியார் கரும்பலகையின் மேல் வரியில் எழுதக் குதிகாலைத் தூக்குகிறவர். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு நடக்கும் தோட்டப் பள்ளிக்கூடம்; மற்ற வகுப்புகளின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, கழுத்து நரம்பு புடைத்தே நிற்கிறது. குடையை இருவரிடமிருந்தும் பிடுங்கி, வாத்தியாரிடம் மட்டும் திருப்பிக் கொடுத்தேன், ஒரு கம்பி ஒடிந்ததாக.

இந்தப் பகுதிகளை மறுபடி பெயர் அழித்துக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பழைய வாசகர்களுக்கு இப்போது ஆட்களைத் தெரிந்துவிட்டது, அவர்கள் உதவ மாட்டார்கள். புதிதாக மூன்று பேர் வேண்டும்; அவர்களில் ஒருவராவது தோட்டத்தையே பார்த்திராதவராக இருந்தால் நல்லது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு நண்பரிடம் கேட்டிருக்கிறேன்.